முன்அட்டையப் பாத்து ஜாஸ் ரெகார்ட் வாங்காதீங்க: மலைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

இத எழுதக் காரணமே ஒரு வெக்கக்கேடான விஷயம்தான், அத மொதல்ல சொல்லிடுறேன். நான் குன்னூர்ல ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு எழுதறவன். நியூ ஜெர்ஸியில இருந்து லீவுக்கு வந்த மச்சான் பழைய டர்ன்டேபிள், அதான் ரெகார்டு சுத்தற மிஷின், ஒண்ணும் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ரெகார்டும் கொண்டுவந்து குடுத்தார், அது அமெரிக்கா மிஷின், 120 வோல்ட், சரின்னு கோயம்புத்தூர் எறங்கி 1,800 ரூபாய் குடுத்து வோல்ட்டக் கொறைக்கற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டி நாலு மாசம் தெனமும் ராத்திரி கேட்டேன். என்னா சோகம், என்னா நிதானம், ஜாஸ்னா இதான்யான்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அளந்துட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒருநாள் அப்பர் குன்னூர்ல ரிட்டயர்டு எஸ்டேட் மேனேஜர் ஒருத்தர் வீட்டுக்குப் போனப்ப அவர் அதே ரெகார்டப் போட்டார், எனக்கு வேற ஏதோ பாட்டுன்னே தோணுச்சு. ட்ரம்பெட் சுரம் மேல நிக்குது, எல்லாரும் சுறுசுறுப்பா வாசிக்கிறாங்க. விஷயத்தக் கேட்டுட்டு அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. "தம்பி, வோல்ட்ட மாத்திட்ட, ஹெர்ட்ஸ மாத்தலையே?"

ஹெர்ட்ஸ்னா கரன்ட் நொடிக்கு எத்தன தடவ ஊசலாடுதுங்கற கணக்கு. அமெரிக்கா கரன்ட் 60 ஹெர்ட்ஸ், நம்மது 50. அந்தக் காலத்து மோட்டார் நிறைய இந்த ஹெர்ட்ஸ் கணக்குலதான் சுத்தும், டிரான்ஸ்ஃபார்மர் அதத் தொடாது. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சுத்த வேண்டியது எங்க வீட்டுல 28 கூட சுத்தல. மேட்டுப்பாளையத்துல இருந்து மேல ஏறுற மலை ரயில் வேகத்துல மைல்ஸ் டேவிஸ ஓட்டியிருக்கேன் நாலு மாசமா.

அதுக்கப்புறமும் நிறைய காசு விட்டேன். நீங்க விடவேண்டாம்னுதான் வரிசையா எழுதறேன்.

1. முதல் மூணு மாசம் ஒத்த ரூபா செலவு பண்ணாதீங்க

ஃபோனும் ஒரு ஒயர் வச்ச இயர்ஃபோனும் போதும். ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, அதுல பாஸ் (அடியில தாழ்ந்த சுரம் குடுக்கற பெரிய தந்தி வாத்தியம்) சத்தமே வராது, பாஸ் வரலைன்னா நான் மூணாவதா சொல்லப்போற வேலை எதுவும் நடக்காது. 'படிக்கும்போது கேக்க ஜாஸ்', 'மழைக்கால ஜாஸ்' அப்படின்னு வர்ற பிளேலிஸ்ட் பக்கம் போகாதீங்க. கேக்க சுகமாத்தான் இருக்கும், ஆனா யார் வாசிச்சா, எப்ப வாசிச்சான்னு ஒரு தகவலும் இருக்காது, ஆறு மாசம் கழிச்சும் அதே எடத்துலதான் நிப்பீங்க.

ஒரே ஒரு ரெகார்ட எடுத்துக்கங்க. நான் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'தான் சொல்லுவேன், அஞ்சே உருப்படி, முக்கால் மணி நேரம். ஒருதடவ சும்மா கேளுங்க, அடுத்த தடவ பாஸ் மட்டும், அதுக்கடுத்து டிரம்ஸ் மட்டும். பத்துப் பதினஞ்சு தடவ ஆனப்புறம் ஒரு பரீட்சை: 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' உருப்படியில மட்டும் பியானோ வேற ஆளு. மத்த நாலுல பில் எவன்ஸ், இதுல வின்டன் கெல்லி. அந்தக் கை வித்தியாசம் காதுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா அடுத்த படிக்குப் போகலாம். எனக்கு அது தெரிய ரெண்டு மாசம் ஆச்சு, அதுவும் வேகம் சரியான பிறகு.

ரொம்பப் பழசு வேணும்னா அதுக்கும் காசு தேவையில்ல. 1923ல வந்த அமெரிக்க ஒலிப்பதிவுகளுக்கு 2024 ஜனவரியோட காப்புரிமை முடிஞ்சுபோச்சு, கிங் ஆலிவர் பேண்டுல ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாசிச்ச முதல் ரெகார்டுகள் அந்த வருஷத்துதான். இண்டியானாவுல ஜெனட் கம்பெனி ஸ்டுடியோ ரயில் தண்டவாளத்த ஒட்டி இருந்துச்சு, வண்டி வந்தா வாசிப்ப நிறுத்திட்டு உக்காந்திருக்கணும். மைக் கிடையாது, ஒரு பெரிய குழாய் முன்னாடி எல்லாரும் நின்னு வாசிச்சது. இரைச்சலத் தாண்டிக் கேக்கப் பழக ஒரு வாரம் பிடிக்கும்.

2. பின்அட்டைய இன்வாய்ஸ் மாதிரி படிங்க

குன்னூர் ஏலத்துக்குப் போற ஒவ்வொரு லாட்டுக்கும் எஸ்டேட் பேரு, கிரேடு, இன்வாய்ஸ் நம்பர் இருக்கும், அதப் பாக்காம டீத்தூள் கலரப் பாத்து யாராவது விலை கேப்பாங்களா? ஜாஸ் ரெகார்டுக்கும் அந்த விவரம் எல்லாம் பின்பக்கம்தான் இருக்கு. முன்பக்கம் போட்டோ அழகா இருக்குன்னு நான் வாங்கின நாலு ரெகார்டுல மூணு இன்னும் அலமாரியில தூங்குது.

நாப்பது ரூபாய்க்கு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக்கங்க. அஞ்சு கட்டம் போடுங்க: தலைவர் யார், கூட வாசிச்சவங்க யார் யார், பதிவு பண்ண தேதி, ஸ்டுடியோ, ஒலிப்பதிவு இன்ஜினியர். ஃபோன்ல கேக்கறவங்களுக்குப் பின்அட்டை கிடையாது, ஆப்ல வர்ற தகவல் பாதி நேரம் அரைகுறை, அதனால டிஸ்காக்ஸ் சைட்டுல அந்த ரெகார்டோட பக்கத்தத் தேடி, அட்டையோட போட்டோவையே பெருசு பண்ணிப் படிங்க. 78 ரெகார்டுகளுக்கு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற ரொம்பப் பழசு) கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட சான்டா பார்பரா வளாகத்துல இருந்து நடத்துற ஒரு இலவச டிஸ்காக்ரஃபி, அதாவது ரெகார்டுப் பட்டியல், இருக்கு, தேதி எல்லாம் கம்பெனி லெட்ஜர்ல இருந்து எடுத்துப் போட்டிருப்பாங்க, கணக்கு எழுதறவனுக்கு அது சொர்க்கம்.

இன்ஜினியர் எதுக்குன்னு கேப்பீங்க. ரூடி வான் கெல்டர்னு ஒருத்தர், பகல்ல கண்ணுக்குக் கண்ணாடி எழுதிக்குடுக்கற டாக்டர், சாயங்காலம் நியூ ஜெர்ஸி ஹாக்கன்சாக்குல அப்பா அம்மா வீட்டு ஹால்ல ஜாஸ் பதிவு பண்ணுவார். ப்ளூ நோட், பிரெஸ்டீஜ் ரெகார்டு கம்பெனிகளோட ஐம்பதுகள் ரெகார்டு ஏகப்பட்டது அந்த ஹால்ல பொறந்ததுதான். 1959ல எங்கிள்வுட் கிளிஃப்ஸ்ல தனியா ஸ்டுடியோ கட்டிட்டுப் போயிட்டார். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானது அங்க இல்ல, நியூயார்க் 30வது தெருவுல ஒரு பழைய சர்ச்சுல இருந்த கொலம்பியா ஸ்டுடியோவுல. ரெண்டையும் மாத்தி மாத்திக் கேளுங்க, ஒண்ணு வீட்டு ஹால், ஒண்ணு சர்ச்சுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம்.

3. தலைவர விடுங்க, பின்னாடி நிக்கற ஒருத்தரப் பிடிங்க

நான் உருப்பட்டது இந்தப் படியிலதான். மைல்ஸ் டேவிஸ் பிடிச்சிருக்கா, அப்ப மைல்ஸ் டேவிஸ் ரெகார்டா வாங்கித் தள்ளுறதுதான் எல்லாரும் பண்றது, செலவும் ஜாஸ்தி, ஒரே ஆளச் சுத்திச் சுத்தி வருவீங்க. அதுக்குப் பதிலா பேண்டுல போட்டோவே போடாத ஒருத்தரத் தேர்ந்தெடுத்து அவர் போற எடத்துக்கெல்லாம் பின்னாடியே போங்க. என் ஆளு பால் சேம்பர்ஸ், பாஸ் வாசிப்பவர். 'சோ வாட்' ஆரம்பத்துல மெட்டச் சொல்றதே பாஸ்தான், அது இவர்.

இவரப் பிடிச்சுக்கிட்டுப் போனா ஊரே திறக்குது. 1956 மே மாசம் சாக்ஸபோன்காரர் சோனி ராலின்ஸோட 'டெனர் மேட்னெஸ்', அதுல தலைப்பு உருப்படியில மட்டும் இன்னொரு சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் எட்டிப் பாக்கறார். 1957 ஜனவரி 19, லாஸ் ஏஞ்சல்ஸ், ஆர்ட் பெப்பரோட ஒரு ரெகார்டு. அதே வருஷம் செப்டம்பர் 15, ஹாக்கன்சாக் ஹாலு, கோல்ட்ரேனோட 'ப்ளூ ட்ரெயின்', ட்ரம்பெட் வாசிக்கிற லீ மார்கனுக்கு அப்ப வயசு 19. 1958 ஜனவரி 5, சோனி கிளார்க்கோட 'கூல் ஸ்ட்ரட்டின்'. இந்த சோனி கிளார்க் பேரு அதுவரைக்கும் நான் கேள்விப்பட்டதே இல்ல, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பியானோக்காரர், 31 வயசுல போயிட்டார். பாஸ்காரர் கூட்டிட்டுப் போகலைன்னா இவர் வீட்டு வாசல் எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ஒருநாள் நோட்டுல சேம்பர்ஸ் பேருக்கு எதிர்ல பொறந்த தேதி எழுதினேன், 1935 ஏப்ரல் 22. எங்கயோ பாத்த தேதியா இருக்கேன்னு பக்கத்தப் புரட்டினா 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ரெண்டே நாள்ல பதிவானது, மார்ச் 2, ஏப்ரல் 22, 1959. அதாவது 'ஆல் ப்ளூஸ்' வாசிச்ச அன்னிக்கு அவருக்கு 24வது பொறந்தநாள்! ஸ்டுடியோவுல யாராவது கேக் வெட்டினாங்களா என்னன்னு ஒரு அட்டையிலயும் போடல. ஆனா அதுக்கப்புறம் அந்த உருப்படியக் கேக்கும்போதெல்லாம் ஓரமா நிக்கற அந்தப் பையனத்தான் என் காது தேடுது. அடுத்த மாசமே கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ரெகார்டுக்கு 'மிஸ்டர் பி.சி.'ன்னு இவர் பேர்லயே ஒரு உருப்படி போட, அதுக்கு பாஸும் இவரே வாசிக்கிறார். 1969 ஜனவரியில டிபி வந்து செத்துட்டார், வயசு 33.

நம்ம பக்கத்து வாசல் ஒண்ணும் இருக்கு. கோல்ட்ரேனோட மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971ல போட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா', அதுல வர்ற சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கத்துல செட்டிபாளையத்துக்காரர். ஹார்ப்பும் தம்பூராவும் சேந்து வரும். எங்க அம்மா முழுசா உக்காந்து கேட்ட ஒரே ஜாஸ் ரெகார்டு அதுதான்.

4. தேதியில ஏமாந்துடாதீங்க

அட்டையில இருக்கற வருஷம் வெளிவந்த வருஷமா, வாசிச்ச வருஷமான்னு பாக்கணும். நான் இதுல நல்லா மாட்டினேன். மைல்ஸ் டேவிஸோட 'ஸ்டீமின்' 1961ல வந்தது, சரி, 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு அடுத்து இப்படி மாறிட்டார் போலன்னு ஒரு பக்கத்துக்கு ஆராய்ச்சியே எழுதி வச்சேன். பாத்தா அது வாசிச்சது 1956ல! கொலம்பியாவுக்கு மாறணும், பிரெஸ்டீஜ் ஒப்பந்தம் பாக்கி இருக்கு, அதனால மே 11, அக்டோபர் 26 ரெண்டு நாள்ல வாசிச்சுத் தள்ளிட்டார். கம்பெனி அத வச்சு நாலு ரெகார்டா பிரிச்சு வருஷக்கணக்குல விட்டுச்சு. என் ஆராய்ச்சிப் பக்கத்தக் கிழிச்சுட்டேன்.

ஒரே ரெகார்டுக்குள்ளயும் தேதி மாறும். 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பெரும்பாலும் 1959 மே மாசம், ஆனா 'நைமா' மட்டும் டிசம்பர், பியானோவுல ஆளே வேற. மே மாசத்து டாமி ஃப்ளானகன் தலைப்பு உருப்படியில தடுமாறி நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறது நல்லாவே கேக்கும். 1982ல அவரே அதே பேர்ல ஒரு ரெகார்டு போட்டு அத முழுசா வாசிச்சுக் காட்டினார். ரெண்டையும் ஒரே ராத்திரியில கேளுங்க.

போனஸ் டிராக் வந்தா ஆரம்பத்துல அத ஒதுக்கிடுங்க, ஒரே உருப்படி மூணு தடவ வந்தா அலுத்துடும். ஒண்ணுக்கு மட்டும் விலக்கு. பில் எவன்ஸ் 1961 ஜூன் 25 ஞாயித்துக்கிழமை நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டு கிளப்புல வாசிச்சதோட முழுத் தொகுப்பு 2005ல வந்துச்சு, அதுல முதல் உருப்படி 'குளோரியாஸ் ஸ்டெப்' நடுவுல சத்தம் அப்படியே போயிட்டு வரும், நான் என் இயர்ஃபோன் ஒயரத்தான் ஆட்டிப் பாத்தேன், அது கரன்ட் போனது! நியூயார்க்லயும் போயிருக்கு. பாஸ் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ அடுத்த மாசம் 6ஆம் தேதியே கார் ஆக்சிடென்ட்ல இறந்துட்டார், 25 வயசு.

5. வாழ்க்கைக் கதைகளுக்கு சர்டிஃபிகேட் கேளுங்க

பின்அட்டைக் கட்டுரையும் ரெகார்டு விக்க எழுதுறதுதான், அத மறக்காதீங்க. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்க்கை பூரா தான் 1900 ஜூலை 4 பொறந்ததாத்தான் சொன்னார், அமெரிக்க சுதந்திர தினம், கேக்க நல்லாத்தான் இருக்கு. அவர் செத்த பிறகு ஞானஸ்நானப் பதிவேட்ட எடுத்துப் பாத்தா 1901 ஆகஸ்ட் 4. நம்ம பெரியவங்க ஸ்கூல்ல சேக்கும்போது போட்ட தேதி மாதிரிதான்.

இன்னொண்ணு பியானோக்காரர் தெலோனியஸ் மங்க். 'ஆறு வருஷம் ஒதுங்கி இருந்தார், விசித்திரமான மனுஷன்'னு எழுதுவாங்க. ஒதுங்கல, கார்டு இல்ல. நியூயார்க்ல மது விக்கற கிளப்புல வாசிக்கணும்னா போலீஸ் குடுக்கற கேபரே கார்டு வேணும், 1951ல ஒரு போதைமருந்துக் கேஸ்ல அவர் கார்டப் பிடுங்கிட்டாங்க, 1957லதான் திரும்பக் கிடைச்சது. கிடைச்சதும் ஃபைவ் ஸ்பாட் கிளப்புல கோல்ட்ரேனோட மாசக்கணக்குல வாசிச்சார். அந்த வருஷம் நவம்பர் 29 கார்னகி ஹால்ல ரெண்டு பேரும் வாசிச்ச டேப்பு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அலமாரியில கிடந்து 2005லதான் கண்டுபிடிச்சாங்க. ஒரு லைசென்ஸ் இல்லாம ஆறு வருஷம்னா என்னன்னு ஆபீஸ் வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும், அதத் தெரிஞ்சுக்கிட்டு அந்த டேப்பக் கேளுங்க.

1942 ஆகஸ்ட்ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு நோட்டுல ஓட்டை விழுந்தா பயப்படாதீங்க, அது இசைக்கலைஞர் சங்கத்தோட ஸ்டிரைக், ரெகார்டே பண்ண மாட்டேன்னுட்டாங்க.

6. இப்ப மிஷின் வாங்கலாம்

இந்தியாவுலயே வாங்குங்க, 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்னு பின்னாடி போட்டிருக்கணும். சொந்தக்காரங்க வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்தா டிசி அடாப்டர்ல ஓடுற மிஷினான்னு கேளுங்க, அப்படின்னா பிரச்சனை இல்ல. எப்படி இருந்தாலும் லேபிள் மேல சின்னக் காகிதத் துண்டு ஒட்டி மூணு நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு எண்ணுங்க, நூறு வரணும். சூட்கேஸ் மாதிரி வர்ற ஐயாயிரம் ரூபாய் மிஷின் வேண்டாம், அந்த மாதிரி மிஷின் பாதிக்கு மேல முள்ளு அழுத்தத்த சரிபண்ணவே முடியாது, நல்ல ரெகார்டத் தேச்சுடும். எனக்கு மிஷின் 14,000, ஸ்பீக்கர் 9,000 ஆச்சு.

78 ரெகார்டுக்கு முள்ளு தனி, அதோட பள்ளம் அகலம். எல்.பி. (33⅓ சுத்து ரெகார்டு) முள்ளப் போட்டா கரகரன்னு வரும், முள்ளும் பாழ்.

ரெகார்டுக்கு சென்னை போனா மூர் மார்க்கெட் தீப்பிடிச்சப்புறம் மாறின அல்லிக்குளம் பக்கம் தேடலாம், ஜாஸ் கம்மி, ஆனா நான் 300 ரூபாய்க்கு பேண்டுத் தலைவர் டியூக் எல்லிங்டனோட ரெகார்டு ஒண்ணு எடுத்திருக்கேன். இங்க மேலயே பழைய பங்களா காலி பண்றவங்க வீட்டுலயும் வரும். ஃபர்னிச்சர் வியாபாரிகிட்ட சொல்லிவைங்க, அவங்களுக்கு ரெகார்டு ஒரு தொந்தரவு. கிரேடு விஷயத்துல உஷார்: வி.ஜி.ன்னு போட்டா வெரி குட்னு நம்பிடாதீங்க, நல்லா கீறல் சத்தம் வரும்னு அர்த்தம். வி.ஜி. பிளஸ்க்குக் கீழ எறங்காதீங்க. புதுசா வர்ற மலிவான ஐம்பதுகள் ஜாஸ் எல்.பி. நிறைய ஐரோப்பாவுல காப்புரிமை முடிஞ்சதுன்னு யாரோ அச்சடிக்கிறது, ஒரிஜினல் டேப் அவங்ககிட்ட கிடையாது, சிடியில இருந்து எடுத்ததாக்கூட இருக்கும். அதுக்கு ஃபோன்லயே கேட்டுக்கலாம்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' பழைய பதிப்பு கிடைச்சா ஒரு வேடிக்கை: மார்ச் 2 அன்னிக்கு டேப் மிஷின் மெதுவா ஓடினதால, அந்த டேப்ப சரியான வேகத்துல ஓட்டி எடுத்து 1992 வரைக்கும் வந்த பதிப்புல முதல் பக்கம் லேசா சுருதி ஏறித்தான் கேக்கும். நான் ஓட்டினது மெதுவா, அவங்க வித்தது வேகமா.

7. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா

வேணுங்கற பேப்பர்: ஆதார், பேன், ஆர்டர் இன்வாய்ஸ், பணம் கட்டின ரசீது. நாலையும் பிடிஎஃப்பா ஃபோன்ல வச்சுக்கங்க. கூரியர்ல வந்தா கேஒய்சி லிங்க் மெசேஜா வரும், போலி மெசேஜ்னு நினைச்சு நான் ஒருதடவ அழிச்சுட்டேன், பார்சல் 11 நாள் கிடந்து கிடங்கு வாடகை சேத்துக் கட்டினேன். டிராக்கிங் நம்பர ஒத்துப் பாத்துட்டு அன்னிக்கே ஏத்திடுங்க. தபால்ல வந்தா வரிய போஸ்ட்மேன் வாங்கிக்குவார், கையில ரொக்கம் வச்சிருங்க.

வரி ரெகார்டு விலைக்கு மட்டும் இல்ல, அனுப்புற செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த மொத்தத்துக்கு. ரேட்டு மாறிக்கிட்டே இருக்கும், ஆர்டர் போடற அன்னிக்குப் பாத்துக்கங்க. என் முதல் ரெகார்டு 2,400, அனுப்புற செலவு 2,100, வரியோட கைக்கு வரும்போது ஏழாயிரத்தத் தாண்டிடுச்சு. விக்கிறவரு ரொம்ப உதவியா 'கிஃப்ட்'னு எழுதி அனுப்பறேம்பார், வேண்டாம்னுடுங்க, எனக்கு அதனாலயே கேள்வி மேல கேள்வி வந்து மூணு வாரம் போச்சு. மூணு நாலு ரெகார்டா சேத்து வரவழைங்க. அப்புறம் ரெகார்ட அட்டைக்கு வெளிய எடுத்துத் தனியா வச்சு பேக் பண்ணச் சொல்லுங்க, இல்லாட்டி ஆட்டத்துல அட்டை ஓரம் பிளந்துக்கும்.

8. பூசணம்

நம்ம மலைக்கு மட்டும் உள்ள தலைவலி. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர், ஊட்டி மேற்குப் பக்கத்துக்கு ஜூன்ல இருந்தே. ரெகார்டு மேல வெள்ளையா பூக்கும், அட்டை நாறும்.

வெளிச்செவுத்த ஒட்டி அலமாரி வைக்காதீங்க. படுக்க வைக்காம நிக்க வைங்க. ஈரம்னு சொல்லி ஹீட்டர் பக்கமோ கணப்புப் பக்கமோ கொண்டுபோகாதீங்க, வளைஞ்சு அப்பளம் ஆயிடும். நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் நீலகிரித் தைலம், ஒரு நண்பர் பூசணத்துக்கும் அதையே தடவினார், எண்ணெய் பள்ளத்துல எறங்கி தூசியப் பிடிச்சு மொத்தமும் போச்சு. டிஸ்டில்டு வாட்டர் லிட்டர்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மெல்லிசான துணி, பள்ளத்தோட போக்குல துடைச்சு, வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல மறுபடி துடைச்சு, நிழல்ல காய வைங்க. லேபிள் நனையக்கூடாது.

78க்கு ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் எதுவும் தொடக்கூடாது. அது அரக்குல செஞ்சது, ஸ்பிரிட்ல கரையும், ஃப்ரெஞ்ச் பாலிஷ் போடற ஆசாரியக் கேளுங்க, அவர் வேலையே அதுதான்.

பார்சல் வரவழைக்கறவங்க ஜனவரியில இருந்து மே மாசத்துக்குள்ள முடிச்சுக்கங்க. நவம்பர்ல பர்லியார் ரோட்டுல மண்ணு சரிஞ்சா வண்டி கோத்தகிரி சுத்தித்தான் வரணும், அதுவும் அடைஞ்சா பெட்டி மேட்டுப்பாளையத்துல ஈரத்துல கிடக்கும். சமவெளியில சொந்தக்காரங்க இருந்தா அவங்க வீட்டு அட்ரஸ் குடுங்க, ஊருக்குப் போகும்போது கையோட எடுத்துட்டு வந்துடலாம். பஸ்ல மேல கேரியர்ல போடாதீங்க, மடியில வச்சுக்கங்க.